நீலப் பட்டனின் கோளாறு

பெங்களூரில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இறுதியாண்டுக்குள் காலெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. புராஜெக்டைச் செய்யக் கூடாது, வாங்க வேண்டும். மெஜஸ்டிக் பக்கம் ஏதாவது ஒரு குறுகலான மாடிப்படியில் ஏறினால் போதும். கல்யாணத்துக்குச் சமையல் பேச வந்தவரிடம் கேட்பது போல, "முகத்தைப் பாத்து அட்டெண்டென்ஸ் போடறது வேணுமா, வயல்ல பூச்சி கண்டுபிடிக்கறது வேணுமா?" என்று மரியாதையாகக் கேட்பார்கள். புரோகிராம், ரிப்போர்ட், தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்விகள், அதற்கு நாம் திக்கித் திக்கிச் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் ஒரே பென் டிரைவில் வந்துவிடும். வாடகைப் பட்டு வேட்டி மாதிரி ஒரே புராஜெக்ட் வருடா வருடம் பல இடுப்புகளில் ஏறி இறங்கும். ஆசிரியர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். அவர்களும் ஒரு காலத்தில் அந்தப் படி ஏறியவர்கள்தானே.

ஆகவே ஜாய்சன் தன் புராஜெக்டைத் தானே, அதுவும் வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிறான் என்று தெரிந்தபோது, வீட்டில் ஏதோ பெரிய கஷ்டம் போலிருக்கிறது என்றுதான் வகுப்பில் எல்லோரும் நினைத்தார்கள். நினைத்தது தவறில்லை.

ஜாய்சனின் அப்பா சந்தானம் நகரப் பேருந்துக் கண்டக்டர். லிங்கராஜபுரத்துப் பாதி ஜனத்துக்கு அவரைத் தெரியும். மீதிப் பாதி அவரிடம் திட்டு வாங்கியிருக்கும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் வளர்த்து, உருதுவில் முடித்து வைப்பார். வாங்கினவர் சிரித்துக்கொண்டே உள்ளே நகர்ந்துவிடுவார். அப்படிப்பட்ட வாய். போன வருடம் ஒரு பகல் வேளையில், வண்டி சிவாஜிநகரில் திரும்பும்போது அந்த வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை, வலது கால், அப்புறம் பேச்சு.

பேச்சு போய்விட்டது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. மூன்று மிச்சம் இருந்தன. வண்டியை நிறுத்தச் சொல்லும் "ஓல்டான்." கிளம்பச் சொல்லும் "ரைட் ரைட்." கூட்டத்தை முன்னால் நகர்த்தும் "முந்தே ஹோகி." ஒரு மனிதனின் நாற்பத்தைந்து வருடப் பேச்சைத் துடைத்தெடுத்த வியாதி, சர்க்காருக்குச் சொந்தமானதை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்ததும் சபைப் போதகர் வந்து உருக்கமாக ஜெபித்து "ஆமென்" என்றார். சந்தானம் "ரைட் ரைட்" என்றார். போதகருக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் தெளிவாகவே சொல்லியிருந்தாள். "இது பழக்கத்துல வர்ற வார்த்தைங்க. அவரு யோசிச்சு சொல்றதில்ல. அர்த்தம் தேடிட்டு இருக்காதீங்க." ஜாய்சன் அறிவியல் படிக்கிறவன். தேடவில்லை.

வீடு ஒரு ஹாலும் ஒரு உள்ளறையும் சமையலறையும். ஹாலில் ஜன்னலோரமாக அப்பாவின் கட்டில். அங்கிருந்து பார்த்தால் தெருமுனையில் பஸ் திரும்புவது தெரியும். அம்மா வனஜா பிரேசர் டவுனில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயா. காலையில் போனால் பிற்பகலில் வருவாள். அதுவரை அப்பாவுக்குக் காவல் ஜாய்சன்தான். ஆறாவது செமஸ்டர் முடிந்த விடுமுறை. உள்ளறையில் மேஜை, மேஜைமேல் லேப்டாப், சால்டரிங் அயர்ன், எஸ்.பி. ரோட்டு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் பொறுக்கி வந்த ஒயர்கள். மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு திறந்த கதவு.

அப்பாவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் இடது உள்ளங்கையால் சுவரைத் தட்டுவார். பஸ்ஸின் பக்கத் தகட்டைத் தட்டும் அதே தட்டு. பக்கத்துப் போர்ஷனில்தான் வீட்டுக்காரி சந்திரம்மா இருந்தாள். முதல் மாதம் பாவம் என்று பொறுத்தாள். இரண்டாவது மாதமும் பொறுத்தாள். மூன்றாவது மாதம் வாசலில் வந்து நின்றாள்.

"ஜாய்சா, நிம்ம அப்பாவுக்குக் கஷ்டம், நான் இல்லேங்கல. ஆனா இது என் சுவருப்பா, பஸ் இல்ல. நான் சீரியல் பாக்க உக்காந்தா உள்ளேருந்து யாரோ ஸ்டாப்புல எறங்கணும்னு தட்டற மாதிரியே இருக்குது. எழுந்து நிக்கறேன் நான்!"

அம்மா மன்னிப்புக் கேட்டாள். கட்டிலிலிருந்து அப்பா "முந்தே ஹோகி" என்றார். சந்திரம்மா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா சிரிக்கவில்லை என்பதை ஜாய்சன் கவனித்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. புராஜெக்ட் என்று அல்ல. டாடி மறுபடியும் நாலு வார்த்தை பேச வேண்டும். நாலு பேர் சிரிக்காமல் கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வேண்டினது. புராஜெக்ட் என்ற பேர் பிறகு ஒட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு எடுத்துப்போன கிளிப் அட்டையில் ஆறு துளை போட்டான். வீடியோ கேம் கடைகளில் இருக்குமே, உள்ளங்கையால் அறைந்து விளையாடும் பெரிய வண்ணப் பட்டன்கள், அவற்றைப் பொருத்தினான். ஒவ்வொன்றின் மேலும் படம் ஒட்டினான். தண்ணி நீலம். டீ மஞ்சள். பாத்ரூம் வெள்ளை. வலி சிவப்பு. அப்புறம் ஃபேன், டிவி. பட்டனை அழுத்தினால் பேச வேண்டும். இதில்தான் ஒரு சிக்கல் வந்தது. கம்ப்யூட்டரே பேசும் தமிழ்க் குரலைப் போட்டுக் காட்டினான். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்றது அது, மெட்ரோ ரயிலில் அடுத்த நிலையத்தில் கதவுகள் இடப்பக்கம் திறக்கும் என்கிற தோரணையில். அப்பா அட்டையைத் தள்ளிவிட்டார். கடைசியில் ஜாய்சன் தன் குரலிலேயே பதிவு செய்தான். "தண்ணி வேணும்." "டீ குடு." "பாத்ரூம் போணும்." இருபத்தோரு வயதுக் குரலில் அப்பா பேசினார். இதென்ன கூத்து, பிள்ளை அப்பாவுக்கு வாயைக் கடன் கொடுக்கிறதாவது என்று அம்மா கேலி செய்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேதான்.

முதல் நாள் அப்பா அட்டையை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கை ஆள்காட்டி விரலால் மஞ்சளை அழுத்தினார்.

"டீ குடு," என்றது ஹாலில் ஜாய்சனின் குரல்.

உள்ளறையில் இருந்த ஜாய்சன் ஓடிவந்தான். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். சத்தம் கேட்டுச் சந்திரம்மாவும் எட்டிப் பார்த்தாள். மூன்று பேர் தன்னைப் பார்த்து நிற்பதை அப்பா பார்த்தார். அந்த இழுத்த வாய் இன்னும் கொஞ்சம் இழுத்தது. சிரிப்பு.

கொஞ்ச நாள் வீடு நன்றாக இருந்தது. அப்புறம் நீலப் பட்டன் கோளாறு செய்ய ஆரம்பித்தது.

"தண்ணி வேணும்." ஜாய்சன் மேஜையிலிருந்து எழுந்து, டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டுவான். அப்பா ஒரு வாய் குடிப்பார். சில சமயம் அதுவும் இல்லை. டம்ளர் முக்காலிமேல் உட்காரும். ஜாய்சன் திரும்பி நடந்தால் "ஓல்டான்" என்பார். "சரி டாடி, ரைட் ரைட்," என்று சிரித்துக்கொண்டே இவன் போய்விடுவான். நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட வரியைத் தேடிப் பிடிப்பதற்குள், "தண்ணி வேணும்."

முக்காலியில் டம்ளர்கள் சேர்ந்தன. டீக்கடை மேஜை மாதிரி ஆகிவிட்டது. தன் குரலே தன்னைத் திரும்பத் திரும்ப வேலை ஏவுவது மாதிரி ஒரு எரிச்சல் உலகத்தில் வேறு கிடையாது. வேறு யார் குரலாவது இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

பொறியியல் படிப்பவர்களின் மனம் இந்த மாதிரி நேரத்தில் ஒரு தனிப் பாதையில் ஓடும். ஒரு பொருள் தேவையில்லாமல் சத்தம் போட்டால் அந்தப் பொருளைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டனை ஒரு தடவை அழுத்தினாலும் உள்ளே இருக்கும் தகடு துள்ளித் துள்ளிப் பல தடவை ஒட்டும், விடும். கம்ப்யூட்டருக்கு அது பல அழுத்தமாகத் தெரியும். அதைச் சமாளிக்கப் புரோகிராமில் நாலு வரி எழுதுவார்கள். ஜாய்சன் எழுதினான். போதவில்லை. பட்டனையே மாற்றினான். போதவில்லை. நீலத்தைக் கழற்றி ஃபேன் இருந்த இடத்தில் வைத்தான். அப்பா கொஞ்சம் தேடினார். கண்டுபிடித்தார். "தண்ணி வேணும்."

கல்லூரி நண்பன் ஹரிஷைக் கேட்டான். ஹரிஷ் மாடிப்படி ஏறி முகம் பார்க்கும் புராஜெக்டை வாங்கி வைத்துவிட்டு, இண்டர்வியூவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தான். நிம்மதியான மனிதன்.

"மச்சா, மெஷின்ல தப்பில்ல. யூசர்ல தப்பு," என்றான் போனில். "எங்க அக்கா புள்ள இப்படித்தான் லிஃப்ட் பட்டனை அழுத்திட்டே இருக்கும். என்னா செய்வே? லாக் போடு. ஒரு வாட்டி அழுத்தினா அப்புறம் கொஞ்ச நேரம் கேக்காத மாதிரி."

"பாவம்டா, நெஜமா தாகம் எடுத்தா?"

"நெஜமா தாகம் எடுத்தவன் பக்கத்துல இருக்கற டம்ளர எடுத்துக் குடிப்பான் மச்சா. சும்னே பேஜார் ஆகாதே."

தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. ஜாய்சன் லாக் போட்டான். நீலப் பட்டன் ஒரு தடவை பேசினால், அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குப் பேசாது. அழுத்தினது பதிவாகும், குரல் மட்டும் வராது. மிஷின் செத்துவிட்டது என்று அப்பா நினைத்துவிடக் கூடாதே என்ற கரிசனத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கும் வைத்தான். அழுத்தும்போதெல்லாம் அது மினுக்கென்று எரிந்து அணையும். நாகரிகமான ஏற்பாடு. கதவைச் சாத்தினாலும், சாத்தியிருக்கிறோம் என்று பணிவாகத் தெரிவிக்கிற மாதிரி.

அன்று மாலையே தொல்லை விட்டது. ஜாய்சன் உள்ளறையில் இரண்டு மணி நேரம் ஒரே மூச்சாக வேலை செய்தான். ஹாலில் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்துகொண்டிருந்திருக்க வேண்டும். விளக்கு எரிவது காதில் கேட்காது அல்லவா.

நாளாக ஆக அந்த விளக்கும் எரிவது குறைந்தது. அப்பா காலையில் ஒரு தடவை அழுத்துவார். சில நாள் அதுவும் கிடையாது. டீக்கும் பாத்ரூமுக்கும் மட்டும் அட்டையைத் தொட்டார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சுவரையும் தட்டவில்லை.

"எஷ்டு நிம்மதி ஆயித்து கொத்தா?" என்று சந்திரம்மா ஜாய்சனை வழியில் மறித்து மகிழ்ந்தாள். "உள்ள ஆள் இருக்காங்களான்னே தெரியலப்பா. புத்திசாலிப் பையன் நீ."

ஏழாவது செமஸ்டர் தொடங்கியது. பாதி வகுப்பு கோட்டு சூட்டில் வந்து, வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகளின் வாசலில் நின்றது. ஜாய்சன் கல்லூரிக்குப் போகும் காலை வேளைகளில் சந்திரம்மா எட்டிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. எட்டித்தான் பார்த்தாள். சத்தமில்லாத வீட்டில் பார்க்க அதிகம் என்ன இருக்கிறது.

முதல் ரெவ்யூவில் ஜாய்சனின் முறை வந்தது. வழிகாட்டி ரக்ஷிதா மேடம் ஹாசன்காரர். தமிழ் புரியும். பேசப் போனால் கன்னடம் முந்திக்கொண்டு வந்து நிற்கும். அன்று காலையிலிருந்து முகம் பார்க்கும் புராஜெக்ட்டுகளாகவே ஏழு பார்த்துத் தன் முகமே மறந்துபோயிருந்தார். பரீட்சை அட்டையில் பட்டன் வைத்த ஒன்று எதிரே வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஜாய்சன் வரைபடத்தைத் திரையில் காட்டினான். ஒரு கோடு. இடப்பக்கம் மேலே உச்சாணிக் கொம்பில் நிற்கிறது. லாக் போட்ட நாளிலிருந்து படபடவென்று இறங்கித் தரையைத் தொட்டுவிடுகிறது. மேலே தலைப்பு ஆங்கிலத்தில்: தேவையற்ற அழுத்தங்கள் குறைந்த விதம்.

"தும்ப சென்னாகிதே!" என்றார் மேடம். "இந்தா பாருங்க எல்லாரும், ரிசல்ட்டுன்னா இதுதான். நிஜமான யூசர், நிஜமான டேட்டா. இதைக் கான்ஃபரன்ஸுக்கு அனுப்பலாம் ஜாய்சன்."

கடைசி பெஞ்சில் ஹரிஷ் தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். ஆலோசனை அவனுடையதல்லவா.

வீட்டுக்கு வந்த கையோடு ஜாய்சன் அம்மாவிடம் காட்டினான். பிற்பகல். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். லேப்டாப்பை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"இது இன்னாடா, எங்க ஸ்கூல் சறுக்கு மரம் மாதிரி?"

"டாடி மிஷின் மம்மி. மேடம் எல்லார் முன்னாடியும் சூப்பர்னு சொன்னாங்க. இங்க பாரு, முன்னல்லாம் எவ்ளோ வாட்டி சும்மா சும்மா அழுத்தினாரு. இப்ப பாரு, ஒண்ணுமே இல்ல."

"என்னத்த அழுத்தினாரு?"

"தண்ணி பட்டன். தேவையே இல்லாம அழுத்திட்டே இருந்தாருல்ல? லாக் போட்டுட்டேன். ஒரு வாட்டி அழுத்தினா அப்புறம் ஒரு மணி நேரம் கேக்காது."

அம்மாவின் கத்தி நின்றது.

"கேக்காதுன்னா?"

"சவுண்டு வராது. ரெட் லைட்டு மட்டும் எரியும்."

"எப்பலேருந்து?"

"லீவுல போட்டேன். நீ கவனிக்கலியா?"

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். நறுக்கின பீன்ஸை வெறுமனே கையால் அளைந்தாள்.

"ஜாய்சா. அந்தத் தண்ணியெல்லாம் யாருடா குடிச்சா?"

"யாரும் குடிக்கல. அதான மம்மி பிராப்ளமே."

"காலையில நீ குடுத்தது முக்காலிமேல கெடக்கும். சாயங்காலம் நான் எடுத்துட்டுப் போறத யாரு குடிச்சா? நான்தான் குடிச்சேன். அவரு கூப்பிடுவாரு, நான் டம்ளரோட போயி பக்கத்துல உக்காந்து, நானே குடிச்சிட்டு, அன்னிக்கி எந்தப் புள்ள எவன் டிபனைத் தின்னுச்சு, எது டிராயர்லயே போயிடுச்சுன்னு கதை சொல்லுவேன். சிரிப்பாரு. எழுந்தா ஓல்டான்ம்பாரு. மறுபடி உக்காருவேன்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அவருக்கு எங்கடா தாகம்? ஆள் வேணும்டா அவருக்கு. வான்னு சொல்ல நீ பட்டன் வெச்சியா? ஒண்ணுக்கு வெச்சே, டீக்கு வெச்சே, டிவிக்கு வெச்சே. மனுசனுக்கு வெச்சியா?"

ஜாய்சன் லேப்டாப்பை மூடவும் மறந்து நின்றான். சறுக்கு மரம் திரையில் பளிச்சென்று இருந்தது.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்," என்றாள் அம்மா. "ஒரு நாளு துணி தொவச்சிட்டிருந்தேன். கூப்பிட்டுட்டே இருந்தாரு. எத்தினி வாட்டிதான் கூப்பிடுவீங்க, எனக்கு ரெண்டு கைதானன்னு கத்திட்டேன். அதுக்கப்புறம் பாத்தா அவரு கூப்பிடறதே இல்ல. என்மேல கோவம்னு நெனச்சேன். வருவாரு, வழிக்கு வருவாருன்னு நானும் வீம்பா இருந்துட்டேன். சோறு ஊட்டறப்ப மூஞ்சியக்கூடப் பாக்கல." முந்தானையை எடுத்தாள், முகத்துக்குக் கொண்டுபோகவில்லை, கையைத் துடைத்தாள். "இத்தினி நாளும் அவரு கூப்பிட்டுட்டுதான் இருந்திருக்காரு. லைட்டு எரிஞ்சிருக்கு."

ஜாய்சன் உள்ளறைக்குப் போனான். லாக்கை எடுக்க ஒரு வரியை அழித்தால் போதும். அழித்தான். அவசரத்தில் பக்கத்து வரியும் போய்விட, அதைத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. சிவப்பு விளக்கைப் பிடுங்கினான். அட்டையின் ஓரத்தில் ஏழாவதாக ஒரு துளை போட்டு, பச்சைப் பட்டன் ஒன்றைப் பொருத்தினான். அதன்மேல் ஒட்ட ஒரு படம் வேண்டும். தண்ணீருக்கு டம்ளர், டீக்குக் கப். இதற்கு எதை ஒட்டுவது? யோசித்துவிட்டு, போன கிறிஸ்துமஸில் மூன்று பேருமாக எடுத்த படத்திலிருந்து அம்மாவையும் தன்னையும் வெட்டி ஒட்டினான். குரல் பதிவு செய்தான். "வா, கொஞ்ச நேரம் உக்காரு." மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

அட்டையை அப்பாவின் மடியில் வைத்தான். அப்பா பார்த்தார். பச்சைப் பட்டனில் இருந்த முகங்களையும் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

அன்று அழுத்தவில்லை. மறுநாளும் இல்லை. அம்மா பள்ளியிலிருந்து வந்ததும் நேராகக் கட்டிலுக்குப் போய், கூப்பிடாமலே உட்கார்ந்து, டிபனைத் திருடின பிள்ளையின் கதையைச் சொன்னாள். குரலில் பழைய எடுப்பு இருந்தது, கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. வரிசை தப்பி, கவுண்ட்டர் மாறி நின்று, கடைசியில் இங்கே இல்லை என்று அனுப்பப்பட்ட மனிதரின் முகம் அது. கோபப்பட யாராவது ஜன்னலைத் திறந்திருக்க வேண்டுமே.

டீக்கு மட்டும் இன்னும் மஞ்சளை அழுத்துகிறார். மிஷின் வேலை செய்கிறது, அவருக்கும் அது தெரியும். எதற்குப் பதில் வரும், எதற்கு வராது என்று அவர் கற்றுக்கொண்டுவிட்டார். கற்பித்தவன் ஜாய்சன். தகட்டின் துள்ளலை நிறுத்த நாலு வரி எழுதலாம். கற்றதை மறக்கச் செய்ய எந்த வரியும் அவனுக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் ரக்ஷிதா மேடத்தின் அறைக்குப் போனான். மேஜையில் ரிப்போர்ட்டுகள் கழுத்தளவுக்கு இருந்தன.

"மேடம், அந்த கிராஃபைத் திருத்தணும்."

"யாக்கே? சூப்பரா இருக்கே."

"அது தப்பான அழுத்தம் இல்ல மேடம். அவர் கூப்பிட்டிருக்காரு. எங்களைக் கூப்பிட்டிருக்காரு. மிஷின் நல்லாதான் இருந்துச்சு. நான்தான்..."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அவன் சொல்லி முடிக்கும் வரை கேட்டார். எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு வந்தார், வெளியே வராந்தாவில் மாணவர்கள் சத்தம் அதிகமாக இருந்தது.

"அப்பா ஈக ஹேகிதாரே?" என்று, இப்போது எப்படி இருக்கிறார் என்பதை மெதுவாகக் கேட்டார்.

"இருக்காரு மேடம்."

மேடம் மேஜையைப் பார்த்தார். நல்ல மனுஷிதான். ஆனால் கழுத்தளவு ரிப்போர்ட் இருந்தது.

"பேடா ஜாய்சன், வேண்டாம். இப்ப கிராஃபைத் தொட்டா, ரிசல்ட் என்னன்னு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கேப்பாரு. என்ன சொல்லுவே? பத்து நிமிஷத்துல இதெல்லாம் சொல்ல முடியுமா? அந்தப் பச்சைப் பட்டன் இருக்கில்ல? அதை ஃபியூச்சர் ஸ்கோப்ல போடு. ஒரு பேரா."

இறுதியாண்டு ரிப்போர்ட் எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்துக்கு முன்னால் அப்படி ஓர் அத்தியாயம் உண்டு. இப்போது செய்யாததை எல்லாம் பிற்காலத்தில் செய்யலாம் என்று அதில் எழுத வேண்டும். அதை எழுதினவனும் படிப்பதில்லை, திருத்துகிறவரும் படிப்பதில்லை, எழுதாமல் விட்டால் மட்டும் மார்க் போகும். ஜாய்சன் அந்த அத்தியாயத்தில் ஒரு பத்தி சேர்த்தான். பயனர், அருகில் ஒருவர் வந்து அமர வேண்டும் என்று கேட்கும் வசதி பிற்காலத்தில் சேர்க்கப்படலாம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் ஜாய்சன் கல்லூரியிலிருந்து வந்து, பையை வைத்துவிட்டு, உள்ளறைக்குப் போகாமல் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். லேப்டாப்பை எடுக்கவில்லை. ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, அம்மா செய்வது மாதிரி தானே குடித்தான். என்ன பேசுவது என்று தெரியவில்லை. டிபன் திருடும் பிள்ளைகள் அவனிடம் இல்லை. ஹரிஷுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னான். இண்டர்வியூவில் அவன் புராஜெக்டைப் பற்றிக் கேட்டார்களாம், மனப்பாடம் செய்த பதிலில் பாதி மறந்துபோய், மீதிப் பாதியை இரண்டு தடவை சொன்னானாம். அப்படியும் எடுத்துக்கொண்டார்களாம். நல்ல நகைச்சுவைதான். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

பேச்சு தீர்ந்தது. ஜாய்சன் அப்பாவின் இடது கையை எடுத்து, விரலைப் பச்சைப் பட்டனுக்குக் கொண்டுபோய், தன் விரலையும் மேலே வைத்து அழுத்தினான்.

"வா, கொஞ்ச நேரம் உக்காரு," என்றது அவன் குரல்.

"உக்காந்திருக்கேன் டாடி," என்றான்.

அப்பா அட்டையைப் பார்த்தார். பிறகு அவனை, நின்று நிதானமாக, நனைந்த தலையிலிருந்து கழற்றாத ஷூ வரை பார்த்தார். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி வந்துவிட்ட பயணியைப் பார்ப்பது போல இருந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு உள்ளறைக் கதவுப் பக்கம் காட்டினார். அங்கே மேஜை, லேப்டாப், ஒயர்கள்.

"ரைட் ரைட்," என்றார்.

பக்கத்தை விட்டு யார் எழுந்தாலும் "ஓல்டான்" சொன்னவர். ஜாய்சன் அசையவில்லை. வெளியே தெருமுனையில் மழைத் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு பஸ் ஒன்று திரும்பியது. அப்பாவின் கண் அதன் பின்னால் போய்த் திரும்பி வந்தது. இவன் இன்னும் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, போகத் தெரியாதவனுக்கு எடுத்துச் சொல்வது போல, இன்னும் மெதுவாக, இன்னும் பிரியமாக மறுபடி சொன்னார்.

"ரைட்."

சமையலறையில் அம்மா ஏதோ தாளிக்கும் சத்தம் வந்தது. ஜாய்சன் குனிந்து ஷூவைக் கழற்றி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டான்.